எத்தனை டிகிரி வேண்டும்?

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள பாறசாலையில் யாரும் வீட்டைச் சூடாக்குவதில்லை. நெய்யாற்றின்கரையிலும் அப்படித்தான். மார்கழி விடியலில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இந்த எல்லை உருவான 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையை ஒட்டி எல்லைக்கோடு விழுந்தது. கோட்டின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகின்றன. இரண்டு பருவமழைகளும் இருபுறமும் பெய்கின்றன. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் பொதுவானது. அந்தக் காற்றுக்குள் இருக்கும் ஒரு செல்வத்தைப் பற்றியது இந்த அத்தியாயம்.

ஆஸ்லோவிலும் சூரிச்சிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தச் செல்வத்தை எடுக்கும் இயந்திரம் பழக்கமானது. வீட்டின் பின்சுவரோரம் ஏ.சி.யின் வெளிப்பெட்டிபோல நிற்கும். வெளியே பனி உறைந்திருக்கும்போது அந்தக் காற்றிலிருந்தே வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். வெந்நீர் குழாய்களில் ஓடி அறைகளை வெதுவெதுப்பாக்கும். கடைக்காரர்கள் ஹீட் பம்ப் என்கிறார்கள். நாம் வெப்பப் பம்பு என்போம். பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரியில் உள்ள காற்றிலிருந்தே இது வெப்பம் எடுக்கும் என்றால், 28 டிகிரிக் காற்று ஆண்டு முழுவதும் வீசும் ஊரில் இதனால் என்னவெல்லாம் முடியும்? அதைத் தெரிந்துகொள்ள, குளிர்நாட்டு வீட்டில் இதைப் பொருத்துகிறவர்கள் கற்ற பாடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

கிணறும் மேல்தொட்டியும்

எல்லையோரக் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளில் கிணறு உண்டு. ஏலா என்னும் தாழ்வான வயல்வெளியை ஒட்டிய வீட்டில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர் நிற்கும். வெட்டுக்கல் மேட்டிலுள்ள வீட்டிலோ எட்டிப் பார்த்தால் இருட்டுத்தான் தெரியும். மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருக்கும் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறது. ஒரே அளவு தண்ணீருக்கு ஏலா வீட்டில் மின்சாரம் குறைவாகவும் மேட்டு வீட்டில் கூடுதலாகவும் ஆகும். செலவைத் தீர்மானிப்பது ஏற்ற வேண்டிய உயரம்.

வெப்பத்துக்கும் இதுவே கணக்கு. இங்கே உயரம் என்பது வெப்பநிலை வேறுபாடு. கீசரில் ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டால் ஒரு யூனிட் வெப்பம் கிடைக்கும். அதற்கு மேல் கிடைக்க இயற்கை விதி இடம் தராது. வெப்பப் பம்பு ஒரு யூனிட் மின்சாரத்தை வைத்துக் காற்றிலிருக்கும் இரண்டு மூன்று யூனிட் வெப்பத்தை மேலே ஏற்றுகிறது. ஏற்றச் செலவிட்ட மின்சாரமும் வெப்பமாக மாறி அதோடு சேர்கிறது. மொத்தம் கிடைக்கும் வெப்பத்தைச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் வருவது செயல்திறன் எண். அது 4 என்றால், நான்கு பங்கு வெப்பத்தில் மூன்று பங்கு காற்று இலவசமாகத் தந்தது.

இந்த எண்ணுக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கு அடித்தளமிட்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ; அவருடைய நூல் 1824இல் வெளிவந்தது. வெந்நீரின் வெப்பநிலையைக் கெல்வினில் எழுதி, அதை வெந்நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுக்க வேண்டும். கெல்வின் என்பது செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் வரும் அளவு. காற்று பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரி, வெந்நீர் 55 டிகிரி என்றால் 328ஐ 60ஆல் வகுக்கிறோம்: 5.5. அதே குளிரில் 35 டிகிரித் தண்ணீர் போதுமென்றால் 308ஐ 40ஆல் வகுக்கிறோம்: 7.7. நெய்யாற்றின்கரையின் 28 டிகிரிக் காற்றிலிருந்து 55 டிகிரி வெந்நீர் என்றால் 328ஐ 27ஆல் வகுக்கிறோம்: 12. உண்மையான இயந்திரங்கள் இந்த வரம்பில் பாதியைத் தொடுவதே கடினம். ஆனாலும் வரிசை மாறாது. ஏற்றம் குறையக் குறையப் பலன் பெருகும்.

1852இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், வெப்ப எஞ்சினைத் திருப்பி ஓட்டிக் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று எழுதினார். அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் எபென்சே உப்பாலையில் பீட்டர் ரிட்டிங்கர் இந்த நெறியில் உப்புநீரைக் காய்ச்சும் கருவியை அமைத்தார். 1920களின் பிற்பகுதியில் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் ஸ்காட்லாந்தில் தம் வீட்டிலேயே ஒன்றை நிறுவினார். வெளிக்காற்றின் வெப்பம் தண்ணீருக்கு ஏறி அறைகளுக்குப் போனது. அந்த அனுபவத்தை 1930இல் வெளியிட்டார். 1938இல் சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பு ஓடத் தொடங்கியது. 2001 வரை உழைத்தது.

கொதிக்கும் குளிர்

காற்று தண்ணீரைவிடக் குளிர்ந்திருக்கிறது. வெப்பமோ சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் பாயும். இயந்திரம் இந்த விதியை மீறுவதில்லை. ஒவ்வொரு படியிலும் அதற்கு இசைந்தே போகிறது.

உள்ளே சுற்றுவது குளிர்பதனப் பொருள். ஆர் 290 என்று குறிக்கப்படும் புரொப்பேன் சாதாரண அழுத்தத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதிக்கும். முதல் உறுப்பான ஆவியாக்கியில் இது காற்றைவிடக் குளிர்ந்த திரவமாக நுழைகிறது. விசிறி இழுக்கும் காற்றிலிருந்து வெப்பம் தானாக இதற்குள் பாய, திரவம் கொதித்து ஆவியாகிறது. இரண்டாவது, கம்ப்ரஸர். அது ஆவியை நெருக்க, அழுத்தத்தோடு வெப்பநிலையும் தண்ணீரின் சூட்டுக்கு மேலே ஏறுகிறது. மூன்றாவது, தண்ணீரை ஒட்டிய வெப்பமாற்றி. அங்கே ஆவி தன் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. நான்காவது, ஒரு குறுகிய வால்வு. அதன் வழியே பீறிடும்போது அழுத்தம் வீழ்ந்து திரவம் மறுபடி குளிர்கிறது. சுற்று முடிந்தது.

நம் வீட்டு ஃபிரிட்ஜும் இதே நான்கு உறுப்புகளால்தான் ஓடுகிறது. அதன் முதுகில் கைவைத்தால் தெரியும் சூடு, உள்ளிருக்கும் பாலிலிருந்தும் மீனிலிருந்தும் எடுத்து வெளியே ஏற்றப்பட்ட வெப்பம். ஃபிரிட்ஜில் நமக்கு வேண்டியது குளிர். வெப்பப் பம்பில் வேண்டியது சூடு.

குளிர்நாட்டு வீட்டில்

ஒரு பழைய ஐரோப்பிய வீட்டை எடுத்துக்கொள்வோம். அடித்தளத்தில் வாயு அல்லது எண்ணெய்க் கொதிகலன். அது 70 டிகிரித் தண்ணீரைக் குழாய்களில் அனுப்பும். ஒவ்வொரு அறையிலும் சன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகை. தண்ணீர் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். நார்வே 2020 முதல் கட்டடங்களை எரிபொருள் எண்ணெயால் சூடாக்குவதைத் தடைசெய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கொதிகலனை அகற்றி வெப்பப் பம்பு வைப்போருக்கான உதவித்தொகை 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்ந்தது. இத்தகைய நாடுகளில் வீட்டுக்காரர்கள் பலரும் எந்தக் கம்பெனி, எத்தனை கிலோவாட் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அனுபவமுள்ள பொறியாளர் ரேடியேட்டரைப் பார்க்கப் போவார்.

ரேடியேட்டர் தரும் வெப்பம் தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. அறை 20 டிகிரி, தண்ணீரின் சராசரி 70 என்றால் வேறுபாடு 50. தண்ணீரை 50 டிகிரிக்குக் குறைத்தால் வேறுபாடு 30 ஆகிறது. கிடைக்கும் வெப்பமோ ஏறக்குறைய பாதியாகிவிடும். 42 டிகிரிக்கு இறக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெப்பப் பம்புக்கோ குறைந்த சூடுதான் லாபம். இந்த முரணைத் தீர்க்க வழிகள் உண்டு. சுவரிலும் கூரையிலும் வெப்பக் காப்பு அடைத்து வீட்டின் தேவையைக் குறைக்கலாம். ரேடியேட்டர்களைப் பெரிதாக்கலாம். தரைக்கடியில் குழாய் பதிக்கலாம். தரை முழுவதுமே பரப்பாகிவிடுவதால் 35 டிகிரித் தண்ணீரே போதும். பல பழைய வீடுகளில் ரேடியேட்டர்கள் தேவைக்கு மேல் பெரிதாகவே வைக்கப்பட்டுள்ளன. கொதிகலனின் சூட்டை ஒரு குளிர்காலம் 50 டிகிரிக்குக் குறைத்துப் பார்த்தாலே எந்த அறை தாங்கும், எந்த அறை தாங்காது என்று தெரிந்துவிடும். செலவில்லாத இந்தச் சோதனை எந்த விற்பனையாளரின் சொல்லையும்விட நம்பத்தக்கது.

அடுத்தது ஓட்டம். கொதிகலன் தண்ணீரை 20 டிகிரி கூட்டி அனுப்பும். வெப்பப் பம்பு 5 டிகிரி அளவுக்குத்தான் கூட்டும். 8 கிலோவாட் வெப்பத்தை 20 டிகிரி வேறுபாட்டில் கொண்டுபோக நிமிடத்துக்கு 6 லிட்டருக்கும் சற்றுக் குறைவாக ஓடினால் போதும். 5 டிகிரியில் என்றால் ஏறக்குறைய 23 லிட்டர். பழைய மெல்லிய குழாய் இதைத் தாங்குமா என்று கணக்கிடாமல் இயந்திரத்தை மாட்டினால், அது வெப்பத்தைக் கொடுக்க முடியாமல் நின்று நின்று ஓடும்.

கொதிகலனை அகற்றாமல் வெப்பப் பம்பைத் துணைக்குச் சேர்ப்பதும் உண்டு. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் பம்பு ஓடும். கடுங்குளிர் நாட்களில் கொதிகலன் கைகொடுக்கும். இது நல்ல ஏற்பாடு, ஆனால் இணைப்பில் கவனம் வேண்டும். கொதிகலனின் 70 டிகிரித் தண்ணீர் கலந்து பம்புக்கே திரும்பினால் பம்பு ஏற்ற வேண்டிய உயரம் கூடி, அழுத்தம் எகிறி, தன்னையே நிறுத்திக்கொள்ளும். பம்புக்கு எப்போதும் குளிர்ந்த தண்ணீர் திரும்பி வர வேண்டும். கொதிகலன் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும்.

கட்டுப்பாட்டில் ஒரு சிறு அமைப்பும் பெரும் பலன் தரும். வெளியே குளிர் தணியும்போது தண்ணீரின் சூட்டையும் தானாகக் குறைப்பது அது. மின்சாரத்தின் விலை வாயுவைப்போல நான்கு மடங்கு உள்ள நாட்டில், பத்தில் ஒரு பங்கை வீணாக்கும் கொதிகலனை வெப்பப் பம்பு வெல்ல வேண்டுமானால் அதன் ஆண்டுச் சராசரி செயல்திறன் எண் 3.6ஐத் தாண்ட வேண்டும். தண்ணீரை 55இல் ஓட்டுவதா 40இல் ஓட்டுவதா என்பதில்தான் அந்த வெற்றி இருக்கிறது.

ஈரக்காற்றின் செல்வம்

குளிர்நாட்டில் இன்னொரு தொல்லை உறைபனி. ஆவியாக்கியின் தகடுகளில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்து காற்றோட்டத்தை அடைக்கும். சில நிமிடம் இயந்திரம் திசைமாறி ஓடி, வீட்டுத் தண்ணீரின் வெப்பத்தைக் கடன் வாங்கி அந்தப் பனியை உருக்கும்.

எல்லையோரக் கிராமங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஈரமே இங்கு வரவு. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீராவி மிதக்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரியில் ஈரம் நிறைந்து நின்றாலும் 3 கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நீராவி தண்ணீராகக் குளிரும்போது கிலோவுக்கு ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை விடுவிக்கும். அரபிக்கடலை ஆவியாக்கச் சூரியன் செலவிட்ட வெப்பம் அது. ஆவியாக்கியின் தகடுகளில் சொட்டும் ஒவ்வொரு துளியும் அந்த வெப்பத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் விழுகிறது.

ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டுக்கு 150 லிட்டர் தண்ணீரை 28இலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற 3 யூனிட் வெப்பம் வேண்டும். கீசரில் அது 3 யூனிட் மின்சாரம். தொட்டியில் கசியும் வெப்பம் தனி. செயல்திறன் எண் 4 என்றால் வெப்பப் பம்புக்கு முக்கால் யூனிட் போதும். மீதி இரண்டேகால் யூனிட்டைக் காற்று தருகிறது. அதனால் அந்தக் காற்று குளிர்ந்து வெளியே வரும். ஒரு டன் ஏ.சி. ஏறக்குறைய 40 நிமிடம் ஓடினால் கிடைக்கும் குளிர்ச்சி அது. ஒரு விடுதியில் இத்தகைய காற்றைச் சமையலறைக்குத் திருப்பிவிட்டால் வெந்நீரோடு வெக்கைக்கும் விடை கிடைக்கும்.

எல்லா வீட்டுக்கும் இது தேவையா? வீட்டில் ஒரு முதியவருக்கு மட்டும் ஒரு வாளி வெந்நீர் வேண்டுமென்றால் விலை கூடிய இந்த இயந்திரம் முதலைத் திருப்பித் தராது. நாள்தோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் வெந்நீர் செலவாகும் மருத்துவமனை, மாணவர் விடுதி, லாட்ஜ், பெரிய கூட்டுக்குடும்பம் ஆகியவற்றில்தான் கணக்கு நன்றாக நிற்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மூலிகை இலைகளைக் கொதிக்கவைத்து ஊற்றும் வேதுக் குளியலுக்கு, இலை கொதிக்க 100 டிகிரி வேண்டும். அங்கே அடுப்புக்கு மாற்றில்லை. ஆனால் 55 டிகிரித் தண்ணீரை அடுப்பில் ஏற்றினால், தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பே முடிந்திருக்கும்.

மொட்டைமாடிச் சூரியனோடு

ஐரோப்பிய வீட்டில் கொதிகலனோடு பம்பைச் சேர்க்கும் அதே சிக்கல் இங்கே வேறு வடிவில் வரும். மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி வைத்தவர்களுக்கு ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மேகம் சூழ்ந்தால் வெந்நீர் குறையும். அதற்குத் துணையாகத் தொட்டியில் மின்சுருள் இருக்கும். அந்தச் சுருளின் இடத்தில் வெப்பப் பம்பைச் சேர்க்கலாம். எந்த நேரத்தில் ஓட்டுவது என்பதுதான் முக்கியம். விடியற்காலையில் பம்பு தொட்டி முழுவதையும் சூடாக்கிவிட்டால், பகலில் சூரியன் கொடுப்பதற்கு இடமிராது. ஏற்கெனவே சூடான தண்ணீர் சூரிய வெப்பத்தைக் குறைவாகவே ஏற்கும். சூரியன் முதலில், பம்பு பிற்பகலில் என்று வரிசை வைக்க வேண்டும். பிற்பகலில் காற்றும் சூடாக இருப்பதால் ஏற்றமும் குறையும்.

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கேரளத்தில் கூரை மின்சாரம் வேகமாகப் பரவுகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டமும் அதற்கு ஊக்கம் தந்தது. பகலில் மின்சாரம் மிகுதி, மாலையில் தட்டுப்பாடு என்ற நிலை அதனால் வந்திருக்கிறது. நல்ல காப்புள்ள வெந்நீர்த் தொட்டி பகல் மின்சாரத்தை மறுநாள் காலைவரை சேமித்து வைக்கும். பேட்டரியைவிட மலிவான சேமிப்பு அது, பல ஆண்டு உழைக்கக்கூடியதும்கூட.

பாதுகாப்பிலும் கருத்து வேண்டும். 45 டிகிரியில் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி பெருகலாம். ஆகவே தொட்டியை அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். மருத்துவமனைகளில் தொடர்ந்து 60இல் வைத்து, குழாய்முனைக்கு அருகில் கலப்பு வால்வால் சூட்டைக் குறைக்க வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். பொழியூர் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும் என்பதால் பூச்சுள்ள ஆவியாக்கியைக் கேட்டு வாங்க வேண்டும். குளிர்பதனப் பொருளையும் பார்க்க வேண்டும். புவியைச் சூடாக்குவதில் ஆர் 410ஏ கரியமிலவாயுவைப்போல ஏறக்குறைய 2,000 மடங்கு வலியது. ஆர் 32 ஏறக்குறைய 675 மடங்கு. புரொப்பேன் மிகக் குறைவு, ஆனால் தீப்பற்றக்கூடியது, திறந்த வெளியில் வைப்பதே பாதுகாப்பு. ஜப்பானில் 2001 முதல் விற்பனையாகும் வெந்நீர்ப் பம்புகள் கரியமிலவாயுவையே குளிர்பதனப் பொருளாகக் கொண்டு 90 டிகிரி வரை ஏற்றுகின்றன. வீரியமிக்க வாயுக்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றது.

மழைக்காலத்து ரப்பர் ஷீட்

வெள்ளறடை, குன்னத்துகால் பக்கமும் எல்லைக்கோட்டுக்கு மறுபுறம் விளவங்கோட்டிலும் ரப்பர் தோட்டங்கள் உண்டு. பாலை உறையவைத்து, ரோலரில் அழுத்தி, ஷீட்டாக்கிப் புகைக்கூடத்தில் 40 முதல் 60 டிகிரியில் நாட்கணக்கில் உலர்த்துகிறார்கள். மழைக்காலத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால் விறகு கூடுதலாகச் செலவாகும்.

வெப்பப் பம்பு உலர்த்தியில் அறைக்காற்று வெளியே போவதில்லை. ஷீட்டிலிருந்து ஈரத்தை வாங்கிய காற்று முதலில் குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீரைச் சொட்டவிடுகிறது. பிறகு அதே இயந்திரத்தின் சூடான தகட்டில் பட்டு உலர்ந்த காற்றாக அறைக்குத் திரும்புகிறது. ஈரம் விட்ட வெப்பம் வீணாகாமல் மறுபடி உலர்த்தவே போகிறது. மின்சுருளால் உலர்த்தினால் ஒரு யூனிட்டுக்கு ஒன்றரைக் கிலோ தண்ணீருக்கு மேல் ஆவியாக்க முடியாது. வெப்பப் பம்பால் 2 கிலோவையும் தாண்ட முடியும். வெளியே கனமழை பெய்தாலும் உள்ளே வேலை நடக்கும். புகை ஷீட்டைப் பூஞ்சையிலிருந்து காக்கிறது என்பதால் புகைக்கூடத்தை முழுவதும் கைவிட முடியாது. ஈரத்தின் பெரும்பகுதியை இப்படி எடுத்துவிட்டுக் கடைசியில் புகையூட்டுவது ஆராயத்தக்க வழி. கொப்பரைக்கும் பாக்குக்கும் இதே நெறி பொருந்தும்.

முதல் கேள்வி

வெந்நீர் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். குளிக்க 40 டிகிரி போதும். பாத்திரம் கழுவ 50. கிருமி கொல்ல 60. இலை வேக 100. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. நெருப்பு இந்த வேறுபாட்டை நமக்குக் காட்டவில்லை. ஆயிரம் டிகிரிச் சுடரை மூட்டி, 40 டிகிரித் தண்ணீரைக் காய்ச்சி, மீதியைப் புகைபோக்கியில் விட்டோம். அப்படியே பழகியதால் வெப்பம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம்.

வெப்பப் பம்பு அந்த நினைப்பைத் திருத்துகிறது. ஆஸ்லோவின் தரைக்குழாய்க்கும் பாறசாலையின் விடுதித் தொட்டிக்கும் அது சொல்லும் விதி ஒன்றே: தேவைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆண்டு முழுவதும் பணம் கட்ட வேண்டும். புதிய மருத்துவமனைக்கோ விடுதிக்கோ வரைபடம் போடுகிற பொறியாளர், இயந்திரத்தின் பட்டியலைப் பிரிப்பதற்கு முன் ஒரு தாளில் எந்தக் குழாய்க்கு எத்தனை டிகிரி, எந்த நேரத்தில், எத்தனை லிட்டர் என்று எழுதட்டும். கிணறு வெட்டும்போது ஆழத்தைக் கேட்கத் தவறாத ஊர் இது. வெப்பத்துக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், கடல் இந்தக் கரைக்கு நாள்தோறும் அனுப்பும் ஈரக்காற்றே வெந்நீரின் பெரும்பங்கைக் கொடுத்துவிடும்.